பூஜை போட்ட நெயில் கன்

நெயில் கன் பழுதுபார்க்கும் தொழிலில் ஒரு விசேஷம், வாடிக்கையாளர் எல்லோரும் துப்பாக்கியோடுதான் கடைக்கு வருவார்கள். கம்ப்ரஸர் காற்றில் ஆணி அடிக்கும் துப்பாக்கி. கன்னட நாட்டில், மண்டி மொஹல்லா சந்தில் என் கடை. மிக்ஸி, பம்ப், தையல் மிஷின் என்று எதையாவது கழற்றிப் பூட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, மிஷின் தானாகக் கெடுவது குறைவு, நல்லது செய்வதாக நினைத்து யாராவது கெடுப்பதுதான் அதிகம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் ஓடும் கன்

சோபா செய்யும் மஞ்சு மார்கழிக் குளிரில் ஒரு கன்னைக் கொண்டுவந்தார். காலையில் அடிக்காதாம், வெயில் ஏறினால் அடிக்குமாம். திறந்தால் உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது தேங்காய் எண்ணெய். மெல்லிய மிஷின் ஆயில் நாலு சொட்டு விடவேண்டிய இடத்தில் வீட்டில் இருந்ததை ஊற்றியிருக்கிறார். குளிருக்கு அது உறையும் என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கே மத்தியானம்தான் கை கால் ஓடுது குரு. அதுக்கு மட்டும் என்ன அவசரம்?"

மூக்குக்குச் சந்தனம்

கன்னின் முனையில் மூக்கு ஒன்று உண்டு. அதை மரத்தில் அழுத்தினால்தான் ஆணி பாயும். சும்மா நீட்டி விசையை இழுத்தால் பாயாது. ஆள் பிழைப்பது அந்த மூக்கால்தான். ஆயுத பூஜையன்று பலரும் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து அதிலேயே அப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் என் கடையில் நிற்க இடமிருக்காது.

மாதப்பனும் அவர் மனைவி ராணியும் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மரப்பெட்டி அடிக்கிறார்கள். ராணி பலகைகளைச் சேர்த்துப் பிடிப்பார், மாதப்பன் அடிப்பார். காற்று கசிகிறது என்று மாதப்பன் கன்னைக் கொண்டுவந்தார். பார்த்தால், சந்தனம் காய்ந்து மூக்கு அழுந்தியபடியே இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் அழுத்தத் தேவையில்லை, விசையைத் தொட்டாலே ஆணி வரும். ஆபத்து என்றேன். அவர் சிரித்தார்: "கசிவை மட்டும் பாருங்ணா. மூக்குல கை வைக்காதீங்க. பூஜை போட்டதுல இருந்து என்ன வேகம்ங்கறீங்க, சாமி குடுத்ததுங்ணா."

பலகை பிடிக்கிற கை

ரப்பர் வளையத்தை மாற்றிக் கசிவை நிறுத்தினேன். மூக்கைச் சுத்தம் செய்தால் வாடிக்கை போகும், செய்யாவிட்டால் என் நிம்மதி போகும். சாயங்காலம் கன்னை வாங்கிப்போக ராணிதான் வந்தார். சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து, மூக்கு அதில் படாமலே விசையை இழுத்தேன். ஆணி போய்ப் பலகையில் ஏறியது. ராணி அந்த ஆணியைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். குரல் உயரவில்லை: "கன்னு அவரு கையிலங்ணா. பலகை என் கையில. மூக்கைச் சரிபண்ணிக் குடுங்க."

போன வேகம்

மண்ணெண்ணெய் தொட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கொடுத்தேன். மறுநாள் மாதப்பன் கடுகடுவென்று வந்து நின்றார். வேகமெல்லாம் போச்சு, தொடவேண்டாம் என்று சொல்லியும் தொட்டுவிட்டீர்கள், இனி வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் கோபம் நியாயம்தான், பொருள் அவருடையது. ராணி கேட்டுத்தான் செய்தேன் என்று, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். மாதப்பன் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அது துள்ளி வெளியே வந்தது. மறுபடியும் அழுத்தினார். மூக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவ எங்கிட்ட சொல்லவே இல்லீங்களே."

எண்ணெய், காற்று, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அடிக்கிறவருக்குப் பதிலாகப் பலகை பிடிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கிற சர்வீஸ் மட்டும் என் கடையில் கிடையாது.