ஆறு மில்லித் துளையும் ஒரு மெயிலும்

தேவநாதன் படித்தது பீங்கான் டிப்ளமா. பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. விருத்தாசலம் தொழிற்பேட்டையில், மின்கம்பி தாங்கும் பீங்கான் செய்கிற சிறிய கம்பெனியில் பதினோரு வருடமாக இருக்கிறார். களிமண்ணை நம்பாமல் கம்ப்யூட்டருக்குப் போனவர், கம்ப்யூட்டரையும் நம்புவதில்லை. பெண்ணாடத்தில் பஸ் ஏறியதும், வீட்டைப் பூட்டினோமா என்று பதறுவார். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள்.

2008 நவம்பரில் அவருடைய பயத்துக்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைத்தது. புனே வியாபாரி ஒருவர், சரக்கில் துளை ஆறு மில்லி இருக்கிறது, எட்டு வேண்டும் என்று அப்போதே மெயில் போட்டிருந்தேனே என்றார். தேவநாதனுக்கு அப்படி ஒரு மெயில் பார்த்த ஞாபகமே இல்லை.

"மெயில பாத்துட்டு நீ சொல்லாம விட்டிருந்தீன்னா, நாளையிலேருந்து வர வேணாம்யா" என்றார் முதலாளி கொளஞ்சியப்பன். "மூணு மணி ரயில்ல அவங்க ஆளு வராரு. அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

புனேக்காரர்கள் எதை எழுதினாலும் ஒரே பழைய மெயிலுக்குப் பதிலாகத்தான் எழுதுவார்கள். ஆயிரத்துச் சொச்சம் மெயில், எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு. கண்ணால் தேடினால் மூன்று நாள். வைரஸுக்குப் பயந்து லினக்ஸ் போட்டிருந்த தேவநாதன், அதில் மெயில் தேடும் கருவி ஒன்றை இறக்கினார். படம், பொத்தான் எதுவும் இல்லாதது. கட்டளையைத் தட்டச்சு செய்தால் பதில் சொல்லும். மூல நிரலாக வந்ததால், அதை ஓடக்கூடிய நிரலாக அவரேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டினார். ஓட்டினால், தனக்குத் துணையாக வேண்டிய லைப்ரரி நிரலைக் காணோம் என்றது. பத்து நிமிடம் முன்பு அவர் கையால் நிறுவிய லைப்ரரி அது. இருக்கும் இடத்தைச் சொல்லிக் கொடுத்தபின் ஓடியது. பதினெட்டாயிரம் மெயிலையும் படித்துவிட்டேன் என்றது. கையேட்டிலிருந்த உதாரணத்தை அப்படியே போட்டு, கடந்த ஒரு வருடத்தில் 'துளை' என்று ஆங்கிலத்தில் தேடினார்.

பூஜ்ஜியம்.

'விட்டம்' என்று தேடினார். 'வரைபடம்' என்று தேடினார். பூஜ்ஜியம். மெயில் வரவே இல்லை என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் அதே ஒரு வருடத்தில் வியாபாரியின் பெயரைப் போட்டாலும் பூஜ்ஜியம். அழித்துவிட்டு மறுபடி கட்டினார். மணி ஒன்றரை.

"என்னா சார், வேர்த்து ஊத்துது?" என்றார் டைப்பிஸ்ட் நீலாவதி.

"இது எதிர்காலத்துல எழுதுன ஃபைலுன்னு எச்சரிக்கை குடுக்குதும்மா. காலையிலயும் குடுத்துது, நான் கண்டுக்கல."

"கம்ப்யூட்டருக்கு இன்னும் ரெண்டாயிரமாவது வருஷம்தானே சார் நடக்குது. கரண்ட் போயிட்டு வந்தா அது அங்க போயி நின்னுக்கும். நான் மணிய மட்டும் திருத்துவேன்."

"வருஷத்த?"

"வருஷத்த வச்சு நான் என்னா பண்ண? எனக்கு அஞ்சு மணிக்கு பஸ்ஸு."

தேவநாதனுக்குத் திட்டத் தோன்றவில்லை. கம்ப்யூட்டருக்கு இது 2000 என்றால், கடந்த ஒரு வருடம் 1999. கருவி ஒழுங்காகத்தான் தேடியிருக்கிறது, அந்த 1999-இல். தேதியைத் திருத்திவிட்டு அதே வரியைத் தட்டினார். நான்கு மெயில்கள் வந்தன. மூன்றாவதில், ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, எட்டு மில்லி என்று தெளிவாக இருந்தது.

அடுத்ததைத் திறந்தார். நான்காவது மெயில் அதற்குப் போன பதில்: "எட்டு மில்லி, சரி. கொளஞ்சியப்பன்." அந்த வாரம் ஸ்ரீமுஷ்ணத்தில் தங்கை கல்யாணம், தேவநாதன் லீவு. முதலாளியே மெயில் பார்த்திருக்கிறார். பீங்கானுக்கு வார்ப்பு அச்சு செய்யும் பிரிவுக்குச் சொல்லவில்லை.

வேலை போகும் என்று இதுவரை பயந்தவர், இதைக் காட்டினாலும் போகுமே என்று இப்போது பயந்தார். யோசித்து முடிப்பதற்குள் முதலாளி பின்னால் வந்து நின்றிருந்தார். இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூன்றாவது முறையும் படித்தார்.

"எட்டு போட்டு மறுபடி சுட்டுத் தரோம், மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு லெட்டர் அடி. ஆளு வந்ததும் கையில குடுத்துடலாம்."

"யாரு தப்புன்னு எழுதறதுங்க?"

"கம்பெனி தப்புன்னு எழுதுய்யா."

தேவநாதன் அடித்தார். முதலாளி அந்தப் பக்கம் போனதும், நான்காவது மெயிலுக்கு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சட்டைப் பையிலும் இன்னொன்றைச் சாப்பாட்டுப் பைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.