கனகாம்பரத் தொட்டியில் என் ஆபீஸ் புழு

என் மனைவியின் கனகாம்பரத்தைக் கொன்றவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திருப்பதி வெயிலின் மேல் பழியைப் போட்டுவிடுவேன். இங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேர்முடிச்சுப் புழு வளர்ப்பதுதான் என் உத்தியோகம். தக்காளிச் செடிக்குப் புழுவை விடுவேன், பிறகு வேரைப் பிடுங்கிக் கழுவி முடிச்சுகளை எண்ணுவேன். பதினோரு வருஷ அனுபவம். அப்பேர்ப்பட்டவன், ஆபீஸ் கொட்டகையில் ஒரு மூட்டை நல்ல செம்மண் சும்மா கிடக்கிறதே என்று அதிலிருந்து ஒரு பை அள்ளிவந்து வீட்டுத் தொட்டிகளில் போட்டேன். அந்த மூட்டைமேல் 'புழு சாக இன்னும் ஆவியில் வேகவைக்கவில்லை' என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஒட்டியவனும் நான்தான்.

அவள் அப்போது வைசாக் போய் நாலு மாசம். மருந்துக் கம்பெனியில் ஒரு வருஷ ஒப்பந்த வேலை. கிளம்பும்போது என்னைப் பற்றி ஒரு கவலையும் படவில்லை. "கனகாம்பரத்துக்குத் தண்ணி ஊத்து, பூத்தா போட்டோ அனுப்பு" என்றாள். சந்திரகிரி ரோட்டு நர்சரியில் அவளே பார்த்துப் பார்த்து வாங்கிய நாலு செடி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பூக் கட்டுவாள், எனக்கு நூல் பிடிக்கிற வேலை. அந்த நூல்கண்டு ஜன்னல் கம்பியிலேயே கிடந்தது. எடுத்து வைக்க மனசு வரவில்லை.

இந்தப் புழு கண்ணுக்குத் தெரியாது. இலையைக் கடிக்காது. வேர் நுனியில் நுழைந்து, ஊசி போன்ற வாயால் எச்சிலை ஏற்றும். செடிக்கும் காவல் உண்டு. எதிரி புகுந்தால் அக்கம்பக்கத்துச் செல்கள் தாங்களே செத்து அதைப் பட்டினி போடும். ஆனால் அந்த எச்சிலில் இருக்கும் புரதங்கள், செடி கூச்சல் போடுமுன் அதன் வாயைப் பொத்திவிடும். பிறகு புழு சில செல்களை ஊதிப் பெருக்கவைத்து, தனக்குச் சோறு பொங்கும் அடுப்படியாக மாற்றிக்கொள்ளும். மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும். மத்தியானம் துவளும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும்.

மத்தியானம் நான் ஆபீஸில். சாயங்காலம் வந்து பார்த்தால் செடி நிமிர்ந்து நிற்கும். அந்நேரம்தான் அவள் போன் வரும்.

"செடிங்க எப்படிக்குது?"

"நல்லாக்குது."

"நீ?"

"எனக்கு இன்னா? துன்னுக்கினு தூங்கிக்கினு கீறேன். ஒரு சுத்து பெருத்துட்டேன்."

சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு முந்தின நாள் மிஞ்சிய தயிர்சோற்றைத் தின்றுவிட்டுப் படுப்பேன்.

ரெண்டு மாசத்தில் பூ நின்றது. அவள் இங்கே இருந்தபோது எடுத்த பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். ஒரு ஞாயிறு மத்தியானம்தான் நாலும் தலை தொங்கி நிற்பதைப் பார்த்தேன். ஒன்றைப் பிடுங்கினால் வேர் முழுக்க மணி கோத்த மாதிரி முடிச்சு. மறுநாள் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, "ஏமன்னா, பனி இன்ட்டிகி கூட தீஸ்கெள்ளாவா?" என்றாள். வேலையை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டாயா என்று கேட்கிறாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வாரமே மனைவி போனில், "இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நீ இன்னா சொல்ற?" என்றாள்.

"இருந்துட்டு வாயேன். இங்க நான் ராஜா மாதிரி கீறேன்" என்றேன். வாய் பழகிப்போயிருந்தது. சரி என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வரை தாங்கினேன். பிறகு நானே கூப்பிட்டேன்.

"கனகாம்பரம் போச்சும்மே. நாலு மாசமா அனுப்புனதெல்லாம் பழைய போட்டோ."

"தெரியும். போட்டோ ஓரத்துல என் செருப்பு கிடக்குது. அது இங்க என் கால்ல இருக்குது."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நல்லா இருக்கேன்னு சொன்னதும் அந்த மாதிரிதான். நான் ஒண்ணும் குண்டாகல, சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சு. கதவு சத்தம் கேட்டா நீதான்னு எழுந்துக்கிறேன். நீ இல்லாம முடியல. வந்துடு. புது மண்ணு வாங்கி, நாளைக்கே நாலு செடி நட்டு வெக்கிறேன்."



"கம்பெனிக்கு நாளைக்கே முடியாதுன்னு சொல்லிடறேன். நான் வர வரைக்கும் எதையும் நடாத" என்றாள்.