ஸ்பீக்கரில் விழுந்த பாதிப் பேச்சு

மகள் கம்ப்யூட்டருக்குப் புது ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். கேபிள் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு உருளை. இது எதற்கு என்று கேட்டாள். அக்கம்பக்கத்து ரேடியோ அலை உள்ளே புகுந்து இரையாமல் தடுக்க என்றேன். சொல்லும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், அவள் என்ன செய்வாள்.

புது பிளாஸ்டிக் வாசனை என்னை நேராக ராயபுரத்து பிரௌசிங் சென்டரில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். வெளியே கருவாடு, உள்ளே ஏசி, நடுவில் ஹார்டுவேர் படித்த மேதாவியாக நான். முதலாளிக்குத் தன் கடைப் பாட்டு தெருவுக்கே கேட்க வேண்டும். ஸ்பீக்கரை வாசலில் வைத்து, உள்ளே கடைசி மேஜை வரை மட்டமான கேபிளை இழுத்திருந்தார்.

மாடியில் சரளா அக்கா குடியிருந்தார். புருஷன் விசைப்படகில் டிரைவர். அவர் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் போனால் பேசுவதற்கு வீட்டில் ஒரு வயர்லெஸ் பெட்டி, மொட்டைமாடியில் அதற்கு ஏரியல் கம்பம். அக்கா பேசினால் எங்கள் ஸ்பீக்கரில் பாட்டை மீறி அவர் குரல் கரகரவென்று வரும். அவர் குரல் மட்டும்தான். கடலிலிருந்து வரும் பதில் எங்கள் கேபிளில் ஏறுகிற அளவுக்கு பலமாக இருக்காது.

"இன்னா, துன்னியா? கம்பி கீச்ன காயம் ஆறிச்சா?"

பதில் வராத அந்த இடைவெளியில் கடையில் உட்கார்ந்திருந்த தறுதலைகள் புருஷன் குரலில் பதில் சொல்வார்கள். அதையெல்லாம் எழுதக் கை கூசுகிறது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

கேபிளைச் சுருக்கி ஸ்பீக்கரை உள்ளே வைத்தால் தீர்ந்தது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை அந்த மனுஷன். சிரித்துச் சலித்ததும், அக்காவின் பெட்டியால் வியாபாரம் கெடுகிறது என்று கட்டடத்துச் சொந்தக்காரரிடம் போய் நின்றார். அவர் கம்பத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார். அக்கா கீழே இறங்கி வந்தார்.

"என் புருசனாண்ட நான் பேசறேன். உன் பொட்டி ஒட்டுக் கேட்டா அதுக்கு நானா பொறுப்பு?"

கம்பம் இறங்கியது.

அடுத்த தங்கலில் படகின் இன்ஜின் நின்றுபோனது. அக்கா புருஷன் வயர்லெஸ்ஸில் வீட்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கரையில் கேட்க ஆளில்லை. கடைசியில் வேறொரு படகு பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. உயிரோடு வந்துவிட்டார், சரி. அதற்காக நான் ஆறிவிட வேண்டுமா? அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வாசலில் ஸ்பீக்கர் ஒரு இரைச்சல் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

இன்று அந்த சென்டர் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. எல்லார் கையிலும் போன், கம்பம் யாருக்கு வேண்டும்? ஒழியட்டும். அந்தக் குரல் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் வேலையை விடும்வரை பார்த்தேன். புருஷன் கரையில் இருக்கும் நாட்களில்கூட, சாப்பாட்டு வேளையானால், ‘துன்னியா’ என்று கேட்பதற்கு முன்னால், அக்கா முதலில் எழுந்து வந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவார்.