தவறு என்னுடையது என்று ஊர் ஊராக ஒட்டியவர்

காலை ஏழரை மணிக்கு, சிதம்பரத்தில் என் அச்சகத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பாதி ஏறிய ஷட்டரைத் தோளில் தாங்கிக்கொண்டே எடுத்தேன். கடலூரிலிருந்து பிலோமினா மேடத்தின் தங்கை பேசினார். "அக்கா போயிட்டாங்க சார். காபி போட்டு எழுப்பப் போனேன், எழுந்திருக்கல" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முந்தாநாள்தான் ஒரு படத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்டேன் என்று அரை மணி நேரம் என்னை வறுத்தெடுத்திருந்தார். அப்படிச் சண்டை போட்ட மனுஷி, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பலாமா?

கடலூர்க்காரர்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் கட்டிடங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். "நான் இன்ஜினியரும் இல்ல, ஆர்க்கிடெக்ட்டும் இல்ல, டிராயிங் போடறவ" என்பார். ஓய்வு பெற்ற மறுவாரம் எல்லோரும் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். இவர் ஒரு பெரிய குடை வாங்கிக்கொண்டு பழைய கட்டிடங்களைப் பார்க்கக் கிளம்பினார். அதுவும் மழை பெய்யும்போதுதான் போவார். "வெயில்ல எல்லாக் கட்டடமும் நல்லாத்தான் இருக்கும். மழையில தண்ணி எங்க போவுதுன்னு பாத்தாதான் கட்டுனவன் மனசு தெரியும்" என்பது அவர் கட்சி.

என் அச்சகத்துக்கு அவர் முதன்முதலில் வந்தது ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களோடு. ஐம்பது வருடங்களுக்கு முன் இடிக்க முடிவாகி, கடைசி நேரத்தில் சீரமைக்கப்பட்டுத் தப்பிய ஆறு பழைய கட்டிடங்களைப் பற்றிய சிறு நூல். சிதம்பரத்தில் ஒரு சத்திரம், மஞ்சக்குப்பத்தில் ஓர் ஓட்டுக் கட்டிடம், பரங்கிப்பேட்டையில் ஒரு கப்பல் வியாபாரியின் வீடு, இப்படி ஆறு. அந்த வேலையைச் செய்தவர் சென்னையில் அலுவலகம் வைத்திருந்த ஆராவமுதன் என்ற கட்டிடக் கலைஞர் என்று பழைய வரைபட நகல்களைத் தேடிப் பிடித்துக் கண்டறிந்திருந்தார். ஆறு இடத்திலும் அந்த மனிதரின் பெயர் இல்லை.

"பெரிய கல்லு வச்சிருக்காங்க சார். திறந்து வச்சவர் பேரு இருக்குது, தலைமை தாங்குனவர் பேரு இருக்குது, முன்னிலை வகிச்சவர் பேரும் இருக்குது. வேல செஞ்சவரு பேரு எங்க?"

"இதை யார் மேடம் வாங்குவாங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வாங்கமாட்டாங்க. கொண்டுபோய்க் குடுக்கத்தான் போறேன். நீங்க தப்பில்லாம அடிச்சுக் குடுங்க, போதும்."

அட்டைப் படம் எடுக்க வேண்டும் என்று அந்த ஐப்பசியில் என்னையும் சத்திரத்துக்கு இழுத்துப்போனார். கொட்டுகிற மழை. ஒரு ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடைக் காட்டினார். சாதாரணமாக அந்த மாதிரி இடத்தில் தண்ணீர் ஓரத்தில் வழிந்து சுவரைத் தொட்டு இறங்கும், சில வருடத்தில் சுவர் பாழாகும். இங்கே அப்படி இல்லை. சன்ஷேடின் அடிப்பக்கம் விரல் அகலத்துக்கு நீளப் பள்ளமாக ஒரு காடி வெட்டியிருந்தது. அந்தக் காடி சுவர்வரை போகாமல், இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் முன்னாலேயே வெளிப்பக்கம் திரும்பியது. தண்ணீர் அங்கே வந்து இரண்டு தடித்த கயிறாகத் தரையில் விழுந்தது. சுவர் காய்ந்த சுவராகவே நின்றது. "ஆறு கட்டடத்துலயும் இது இருக்குது. வேற எங்கயும் நான் பாத்ததில்ல. இதுதான் ஆராவமுதனோட கையெழுத்து" என்றார். நான் நனைந்த கோழியாக நின்றுகொண்டு தலையாட்டினேன்.

நூல் வந்தது. அவர் சொன்னபடியே ஒருவரும் வாங்கவில்லை, கொடுத்த எல்லோரும் படித்தார்கள். சத்திரத்தை நிர்வகிப்பவர்கள் ஆராவமுதன் பெயரில் ஒரு கல் பதித்தார்கள். பெங்களூரிலிருந்து அவருடைய மகன் வந்து, அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று குழந்தை மாதிரி அழுதார். மேடமும் அழுதார். இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை, அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் பண்ருட்டி நூலகத்துக்கு நூல் கொடுக்கப் போனோம். பலாப்பழ சீசன். காடாம்புலியூரில் என் மைத்துனன் சேகர் வீடு இருக்கிறது, அந்தப் பக்கம் போய்விட்டு அவன் வீட்டில் சுளை தின்னாமல் வந்தால் என் மனைவிக்குப் பதில் சொல்ல முடியாது. போனோம். திடீரென்று இடியோடு மழை பிடித்துக்கொள்ள, அவர்கள் வீட்டு முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்கும் குடோன் வாசலில் ஒதுங்கினோம். கையில் சுளையோடு மேடம் மேலே பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சன்ஷேடின் இரண்டு ஓரத்திலும், சுவருக்கு ஒரு சாண் தள்ளி, தண்ணீர் இரண்டு தடித்த கயிறாக விழுந்துகொண்டிருந்தது.

"இத யாரு தம்பி கட்டுனது?"

"எங்க மாமாதான் மேடம். நான் பத்தாவது படிக்கச்சொல்ல கட்டுனது" என்றான் சேகர்.

மேடம் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. சேகர் பத்தாவது படித்தபோது ஆராவமுதன் இறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. "உங்க மாமா இருக்காரா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாமா, என் மனைவியின் தாய்மாமன் கலியமூர்த்தி. என் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்தவர். முப்பது வருடமாக எனக்கு அவரை முந்திரி வியாபாரியாகத் தெரியும். சின்ன வயதில் சென்னையில் ஏதோ ஆபீசில் இருந்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்ன ஆபீஸ் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சேகர் போய் அழைத்துவந்த எண்பது வயதுப் பெரியவர், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே உட்கார்ந்து சாவகாசமாகச் சொன்னார். "அந்தக் காடிங்களா? முன்ன எங்கப்பா காலத்து குடோன்ல தண்ணி சுவத்துல எறங்கி மூட்டையெல்லாம் நனஞ்சு பூடும். அத வச்சு யோசிச்சது. சத்திரத்துலதான் மொத மொதல்ல போட்டேன். அளவெடுத்தது, டிராயிங் போட்டது, நின்னு கட்டுனது எல்லாம் நான்தான். ஆராவமுதன் சார் பாத்துட்டு, 'கலியமூர்த்தி, இத எல்லா எடத்துலயும் போட்டுடு'ன்னாரு."

"ஆறு கட்டடமும் நீங்க செஞ்சதா சார்? உங்க பேரே எங்கயும் இல்லியே?"

"ஆபீஸ் அவுருதும்மா. அவுரு பேருலதான வரும்?" என்று சிரித்தார். அதில் கொஞ்சமும் கசப்பு இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மேடம் பையிலிருந்து தன் நூலை எடுத்துப் புரட்டிக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முப்பத்திமூணு வருஷம் நான் போட்ட டிராயிங்ல வேற ஒருத்தர் கையெழுத்து போட்டாங்க. மூலையில பேரு எழுதற அந்தக் கட்டத்துக்கு என்னா அர்த்தம்னு என்னை விட யாருக்குத் தெரியும்? நானே அதப் பாத்து நம்பி எழுதியிருக்கேன் பாருங்க." அவரை அவ்வளவு உடைந்துபோய் நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நாளே பெரியவரின் பழைய அளவுக் குறிப்பேடுகளை வாங்கிவந்தார். ஆறு கட்டிடங்களுக்கும் டேப்போடு போய், ஜன்னல் ஜன்னலாக அளந்து ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தியது. பிறகு என்னிடம் வந்து ஒரு துண்டுச் சீட்டு அடிக்கச் சொன்னார். எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. கொடுத்த நூல் கொடுத்ததுதான், கல்லும் பதித்தாகிவிட்டது, இப்போது போய் நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வானேன், அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று கத்தினேன்.

"அடுத்த பதிப்பு வர்ற வரைக்கும் அவரு இருப்பாருன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். நான் அச்சடித்துக் கொடுத்தேன். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "இந்த ஆறு கட்டிடங்களின் சீரமைப்பை வடிவமைத்தவர் காடாம்புலியூர் கலியமூர்த்தி. அவை இடிபடாமல் காத்து, அந்த வேலைக்கு வழி செய்தவர் ஆராவமுதன். நூலில் வேறுவிதமாக எழுதிய தவறு என்னுடையது."

நூல் யார் யாருக்குப் போனது என்று அவரிடம் பட்டியல் இருந்தது. ஒரு பசை டப்பாவோடு டவுன் பஸ்ஸில் வீடு வீடாகப் போய்த் தன் கையாலேயே ஒட்டினார். பரங்கிப்பேட்டைக்கு நானும் போனேன். கப்பல் வியாபாரியின் பேரன், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், சிரித்துவிட்டார்.

"இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க? போன்ல சொன்னா நானே எழுதிக்க மாட்டேனா?"

"மாட்டீங்க பாய்" என்றார் மேடம், பசையைத் தடவிக்கொண்டே.

"வாஸ்தவம்தான், மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, எங்களுக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.

எல்லா இடத்திலும் டீ கிடைக்கவில்லை. ஆராவமுதனின் மகனிடம் மேடம் போனில் பேசினார், என் எதிரில்தான். "எங்கப்பா போய் இத்தனை வருஷம் கழிச்சு ஒரு மரியாதை கிடைச்சுது. கொடுத்த நீங்களே அதைப் பிடுங்கறீங்களா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. பெரியவரோ இன்னொரு பக்கம், "சாரை எறக்கிட்டு என்னை ஏத்தாதீங்கம்மா" என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டார். மேடம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் தங்கை சொன்னார். நான்காம் நாள் மகனுக்கு மறுபடியும் போன் போட்டார். "கல்லு பத்தி நான் ஒண்ணும் பேசலை. உங்கப்பா கூட வேல பாத்தவரு ஒருத்தரு உயிரோட இருக்காரு. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

மகன் காடாம்புலியூருக்கு வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் காரிலிருந்து இறங்கினார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சத்திரத்தை இடிக்க ஆணை வந்த நாளைப் பற்றிச் சொன்னார். "உங்கப்பா ஆபீசர் ரூம் வாசல்ல பெஞ்சுல காலைல ஒக்காந்தவரு, சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கல தம்பி. பச்சத் தண்ணி குடிக்கல. 'என் பையன் கட்டடத்த நிறுத்திக் காட்டுவான், ஒரு வருஷம் குடுங்க'ன்னாரு. பையன்னு சொன்னது என்னைத்தான். அவுரு ஒக்காரலன்னா நான் எங்க போயி காடி வெட்டறது?" மகன் இதைக் கேட்டதே இல்லை. அவருக்கு ஆறு வயதில் இறந்துபோன அப்பா. அன்று மாலைவரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது மேடத்திடம், "ரெண்டு பேரோட பேரும் போட்டு வேற கல் வைக்கச் சொல்லுங்க. நானே சத்திரத்துக்காரங்ககிட்ட பேசறேன்" என்றார்.

புதிய கல் பதித்த அன்று பெரியவர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தன் பெயரை ஒருமுறை படித்தார், சாரின் பெயரை இரண்டு முறை படித்தார். பிறகு மேடத்தைப் பார்த்து, "நீங்க போட்ட டிராயிங்கெல்லாம் எந்த எந்தக் கட்டடம்மா?" என்று கேட்டார். மேடம் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் சர்க்காருது சார்" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டார்.

அந்தப் பதிலின் கனம் அவரை அடக்கம் செய்த நாளில்தான் எனக்கு உறைத்தது. நினைவுச் சீட்டு அச்சடிக்க வேண்டும், பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று தங்கை கேட்டார். ஓய்வு பெற்ற வரைபடக்காரர் என்று போடலாம். என்ன வரைந்தார்? முப்பத்து மூன்று வருடம் வரைந்தவரின் ஒரு கட்டிடத்தைக்கூட எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அடுத்தவர் பெயருக்காக ஊர் ஊராக அலைந்த மனுஷியிடம், அவர் வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதனால் போன வாரம் மஞ்சக்குப்பத்துக்குப் போனேன். அவரோடு வேலை பார்த்த ஆபீஸ் உதவியாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்கு அழைத்துப்போனார். "இது மேடம் போட்டதுதான் சார். டேப்பு புடிச்சது நான். சின்னப் புள்ளைங்க கீழ ஒக்காந்தா வெளிய தெரியணும்னு ஜன்னல எறக்கி வச்சாங்க. மேல ஒத்துக்கல, மூணு தடவ திருப்பி அனுப்புனாங்க. மூணு தடவயும் அப்படியேதான் போட்டு அனுப்புனாங்க" என்றார்.

பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் வகுப்பறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தெரு முழுக்கத் தெரிந்தது. ஒரு ஆடு, சைக்கிளில் போகிற மீன்காரர், எதிர்வீட்டுக் கோலம் எல்லாம் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது, எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: இதைச் செய்தது யார் என்று கேட்காமல் இனி ஒரு சுவரையும் தாண்டிப் போக முடியாது. ஒரு நோட்டு வாங்கி, மேலே பிலோமினா என்று எழுதியிருக்கிறேன். அவரோடு பழகிய உங்களில் யாருக்காவது அவர் வரைந்த கட்டிடம் எதுவாவது தெரிந்தால், கழிப்பறையாக இருந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நோட்டில் இப்போதைக்கு ஒரே வரி, அந்தப் பள்ளி. பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். அவர் கையால் போட்ட வரைபடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு மையால் எழுதுவேன்.