ஜெலுத்தோங் வளைவில் அரை அங்குலம்

1. இறங்கிய சக்கரம்

ஜெலுத்தோங் ரோட்டு வளைவில் டிராம் தடம் புரண்டபோது, அந்த வளைவில் நான் புதுத் தண்டவாளம் போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. முன்சக்கரம் இறங்கி ரோட்டை ஒரு முழம் உழுதிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஒரு மீன்காரியின் கூடை கவிழ்ந்தது. அவள் போட்ட கூச்சலில் பாதி ஊர் கூடிவிட்டது.

வண்டியை ஓட்டியவர் காதர். பினாங்கிலேயே பிறந்தவர், பிள்ளைகுட்டிக்காரர். டிராம் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை வந்ததும் வராததுமாக அவரைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் கற்ற தமிழ் துரைக்கு.

"நீ வேகமா வந்தான். வேற என்னா?"

"இல்ல தொரே. பெலான் பெலான், மெதுவாத்தான் வந்தேன். பாசார் கூட்டத்துல எப்புடி வேகமா வர?"

துரை என் பக்கம் திரும்பினார். "மண்டோர், கேஜ் பாரு."

தண்டவாளம் போடும் கேங்கை நடத்துகிறவனுக்கு மண்டோர் என்று பெயர். பாதையின் அகலத்தை அளக்கும் கேஜ் ராடை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு இடத்தில் வைத்துக் காட்டினேன்.

"சரியா இருக்கு தொரே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

காதரின் பித்தளை பேட்ஜை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார் துரை. திங்கட்கிழமை விசாரணை. வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

2. என் தலைக்கனம்

ஈரோட்டில் ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையில் வேலை கற்றவன் நான். கப்பலேறி வந்து, தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டடிப் பாதை போட்டேன். தள்ளுவண்டி ஓடுகிற பொம்மைப் பாதை. பிறகு பிறை என்ற ஊரில், ரயிலில் ஒன்பது வருஷம் மீட்டர் கேஜ். பினாங்கின் ஜார்ஜ் டவுன் டிராமும் மீட்டர் கேஜ்தான் என்றதும், இதில் எனக்கு யார் என்ன சொல்லித்தர இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரயிலில், வளைவு வந்தால் பாதையைக் கொஞ்சம் அகட்டுவோம். சக்கரம் திரும்ப இடம் வேண்டும். கடும் வளைவென்றால் அரை அங்குலம். அதற்காக ராடின் முனையில் மாட்ட ஓர் இரும்புத் துண்டு உண்டு. கொல்லனிடம் சொல்லி அடித்த என் சொந்த ராடையும் துண்டையும் டிராமுக்கும் கொண்டுவந்திருந்தேன். டிப்போ ராடை நான் தொட்டதே இல்லை. ஜெலுத்தோங் வளைவையும் துண்டை மாட்டித்தான் போட்டேன். துரைக்கு வைத்துக் காட்டியதும் அதே ராடு, அதே துண்டு.

3. ரெண்டு பக்கமும்

ஞாயிறு மத்தியானம் காதர் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்க ரயில்ல இருந்தவரு, ஒண்ணு கேக்கணும். வளைவுல ரெண்டு பக்கமும் கீச்சுனு கத்துதே, அது ஏன்?"

"வெளிப்பக்கம்தானே கத்தும்?"

"இல்லலா, ரெண்டு பக்கமும். முந்தி கத்தாது, நீங்க புதுசாப் போட்ட பொறவுதான். வேலை போனாப் போவுது. நான் வேகமா வரலன்னு நீங்க ஒருத்தராச்சும் நம்பணும்."

எனக்குச் சுருக்கென்றது. அவரைக் கூட்டிக்கொண்டே வளைவுக்குப் போனேன்.

ரயில் தண்டவாளத்தில் சக்கர விளிம்புக்கு உள்பக்கம் வெறும் வெளி. ரோட்டில் புதைத்த டிராம் தண்டவாளத்தில் அப்படி இல்லை. விளிம்பு ஒரு குறுகிய பள்ளத்துக்குள் ஓடும். பள்ளத்தின் உள்பக்கமும் ஓர் இரும்பு உதடு இருக்கும். நான் பாதையை அகட்டியதில் அந்த உதடுகளும் சேர்ந்து நகர்ந்து, இரண்டு சக்கரங்களின் விளிம்பையும் பின்னாலிருந்து நெருக்கின. குனிந்து பார்த்தேன். இரண்டு உதடும் புதிதாகத் தேய்ந்து பளபளத்தன. சக்கரம் அதன்மேல் ஏறித்தான் வெளியே குதித்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அப்படியும் நினைத்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

4. திங்கட்கிழமை

என் ராடையும் டிப்போ ராடையும் துரையின் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். துண்டு மாட்டிய என்னுடையது அரை அங்குலம் கூடுதல் நீளம்.

"தப்பு என்னுது தொரே. காதர் மேல ஒண்ணுமில்ல."

"அன்னிக்கு ஏன் சொல்லலே?"

"அன்னிக்கு சரின்னுதான் நெனச்சேன்."

காதருக்குப் பேட்ஜ் திரும்பியது. எனக்கு மண்டோர் வேலை போய், மறுபடி சம்மட்டி வந்தது. வளைவைப் பிரித்து மறுபடி போட்ட கேங்கில் நானும் ஒரு ஆள்.

வேலை முடிந்து வந்த முதல் வண்டி காதருடையது. வளைவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

"ஏறுங்கண்ணே."

"வேலை நேரம், போய்யா."

"நீங்க ஏறாம வண்டி எடுக்க மாட்டேன்லா."

சம்மட்டியோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். வளைவு முடியும்வரை இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. காதர் அப்புறம்தான் மணியடித்தார்.

அரை அங்குலத் தப்பு யாருக்கும் வரும். நான் செய்ததோ, என் அளவுக்கு என் ராடையே சாட்சியாக வைத்து, இன்னொருத்தனின் பேட்ஜைக் கழற்றவைத்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. புது இடத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள், முதல் நாளே அந்த இடத்து ராடைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.