டோல்வேயில் கற்ற பாட்டு

என் மனைவி அமெரிக்காவில், பிளானோ நகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுடன் வேலை பார்க்கும் ஃபிலிப்பினோ தோழி, இடைவேளைகளில் தன் ஊர்த் தொடர் ஒன்றை ஃபோனில் போட்டுக் காட்டுவாள். இந்தக் காலத்துப் பெண்ணொருத்தி ஸ்பானியர் ஆண்ட காலத்துக்குள் போய் விழுகிற கதை. அதன் முகப்புப் பாட்டு என் மனைவியைப் பிடித்துக்கொண்டது.

தோழியின் அம்மா மணிலாவிலிருந்து வந்து சில மாதங்களாகியும் யாரோடும் கலகலப்பாகப் பேசாமல் இருந்தார். அந்தப் பாட்டை மட்டும் முணுமுணுப்பாராம். "அம்மா பர்த்டேக்கு நீ பாடணும்" என்று தோழி கேட்டதும் இவள் சரி சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து, நான் அவளை வேலைக்குக் காரில் கூட்டிப்போய் வரும் டோல்வே சுங்கச்சாலை முழுக்க அதே பாட்டு. அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வரிகளைத் தமிழில் எழுதி வைத்துப் பழகினாள்.

"ஏனுங்க, 'இப்ப'ங்கறதுக்கு அவங்க 'ஙயோன்'னு சொல்றாங்க. எங்க வார்டுல அமெரிக்கன்ஸ் யாருக்கும் அந்த 'ங' வரமாட்டேங்குது."

"உனக்கு மட்டும் எப்படி வருது?"

"'அங்'னு ஆரம்பிச்சு, முன்னாடி இருக்கற 'அ'வ முழுங்கிரணும். அவ்ளோதான்."

சொல்லிப் பார்த்தேன். எனக்கு இருமல்தான் வந்தது.

விழா நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். கூடம் நிறைய அவர்கள் ஊர்க்காரர்கள். முதல் வரியிலேயே தட்டுகளின் சத்தம் நின்றுபோனது. பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "உங்க மனைவிக்கு மணிலாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பொள்ளாச்சி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாம் சரணத்தில் அவளுக்கு வரி மறந்துவிட்டது. கரோக்கி இசை மட்டும் ஓடியது. அப்போது நாற்காலியில் இருந்த அந்த அம்மா, உட்கார்ந்தபடியே அடுத்த வரியை எடுத்துப் பாடினார். மெல்லிய, கொஞ்சம் நடுங்கும் குரல். என் மனைவி மைக்கோடு அவரருகே போய்த் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மிச்சப் பாட்டை இருவருமாகப் பாடி முடித்தார்கள். தோழி அழுதுகொண்டே வீடியோ எடுத்தாள்.

பிறகு அந்த அம்மா இவள் கையை விடாமல் வெகுநேரம் தன் மொழியில் பேசினார். பாட்டில் வந்ததைத் தாண்டி இவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

திரும்பும்போது, "நடுவுல சொதப்பிட்டேன்ல?" என்றாள்.

"நீ சொதப்புனதாலதான் அவங்க பாடுனாங்க" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.