குதிரைக்கு அருள் வந்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குதிரை என் கைப்பையின் ஜிப்பைத் திறந்தது. பல்லால் இழுத்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கீழே போட்டது. குனிந்து எடுத்து உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்துப் போட்டது. நாலு தடவை! விளையாட ஆள் கிடைத்த சந்தோஷம் அதற்கு... இடுப்பு வலி எனக்கு.

எனக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். ஆவணியில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு, அழகர்கோவில் ரோட்டில் செல்வம் என்பவர் வளர்க்கும் வெள்ளைக் குதிரையை புக் செய்திருந்தோம். பேர் வெள்ளச்சி. திடீரென்று தங்கை போன் போட்டாள். "அக்கா, அந்தக் குதிரைக்கு அருள் வந்திருக்காம். சாமி ஏறுன குதிரை மேல மாப்பிள்ளை ஏறலாமா?"

நியாயமான கேள்விதான்! நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

நடந்தது இதுதான். செல்வத்துக்கு வெள்ளச்சி என்றால் உயிர். ஆனி வரைக்கும் வேட்டுச் சத்தத்திலும் பேண்டு வாத்தியத்திலும் நடந்து களைத்தவள். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஒரு மாசம் ராணி மாதிரி இருக்கட்டும் என்று கொட்டகைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். புல் உண்டு. ஃபேன்கூட உண்டு. வேறென்ன வேணும்?

முதலில் தண்ணி வாளியைக் கவிழ்த்து உருட்டினாள். அப்புறம் உதட்டால் தாழ்ப்பாளைத் தள்ளித் திறக்கப் பழகிக்கொண்டாள். செல்வம் பூட்டுப் போட்டார். கதவுக் கட்டையைக் கடித்தாள். கடைசியில் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி, இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தாள் — மணிக்கணக்கில்.

ஆடி வெள்ளிக்கிழமை வேறு... பக்கத்து வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்து, உடுக்கைச் சத்தம் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டார். போதாதா? திருநீறு, எலுமிச்சம்பழம், மாலையோடு கூட்டம் வந்துவிட்டது. ஒரு அம்மா, மகளுக்கு இந்த வருசம் கல்யாணம் முடியுமா என்று குறி கேட்டிருக்கிறார். வெள்ளச்சி தலையை ஆட்டவும், அந்த அம்மா அழுதே விட்டாராம். வரம் கொடுத்த கையோடு மாலையையும் தின்றுவிட்டாள்.

நாம் சிரிக்கலாம். செல்வத்தால் முடியவில்லை. ஆவணிக்கு புக் செய்த மூன்று வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இனி யார் கூப்பிடுவார்கள்? வியாழக்கிழமை எழுமலையிலிருந்து ஒரு வியாபாரி வந்து வெள்ளச்சியை ஏற்றிக்கொண்டு போவதாக விலை பேசி முடித்துவிட்டார். "வேற வழி தெரியலக்கா" என்றவர், என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த கால்நடை டாக்டரம்மா ஒருவருக்குப் போன் போட்டேன். மறுநாளே வந்தார். பல், வயிறு, குளம்பு எல்லாம் பார்த்தார்.

"நோயும் இல்ல, சாமியும் இல்ல. போரடிக்குது."

செல்வத்துக்குக் கோபமே வந்துவிட்டது. அம்புட்டுப் புல்லு போட்டு, ஃபேனும் போட்டு வச்சிருக்கேன், இதுல என்ன போரு என்று எகிறினார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: காலாற நடக்கணும், நாலு முகம் பார்க்கணும். புல்லை வலைப் பையில் தொங்கவிட்டால் பிடுங்கித் தின்கிற வேலையாவது இருக்கும். துணைக்கு ஒரு ஆடு கட்டினாலும் நல்லது. ஆட்டம் ஒரேயடியாக நிற்காது, ஆனால் குறையும்.

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனபோது, "ஒரு துரும்பக்கூட நகத்த வேணாம்" என்று உட்கார வைத்தவள் நான்தான். இப்போது ஒரு நாளைக்கு இருபது தடவை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து மூடுகிறார். ஒன்றும் எடுப்பதில்லை. பிரியத்தில் போட்டாலும் பூட்டு பூட்டுதானே?

தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்பச் சரி, மாப்பிள்ளை ஏறட்டும்" என்றாள். ஏறலாம்... குதிரை இருக்க வேண்டுமே!

மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை நானும் போனேன். வியாபாரி மினி லாரியோடு வந்து நிற்கிறார். கொட்டகை திறந்து கிடக்கிறது. வெள்ளச்சியும் இல்லை, செல்வமும் இல்லை. குதிரை எங்கே என்று கேட்டார் வியாபாரி.

செல்வத்தின் மனைவி சாவதானமாகச் சொன்னார்: "அதக் கூட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போயிருக்காருண்ணே. நீங்க போனப்புறந்தான் வருவாராம்."